மண்டபம் கரையோர அரசுப் பள்ளிகள்: எதில் ஊன்றி நிற்கின்றன, எங்கே தடுமாறுகின்றன?

கரையோர ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஒன்றியத்தில், மீனவர் குடியிருப்பை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். கடற்கரைப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்ற பேச்சை அலுவலகங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் அடிக்கடி கேட்கிறேன். இந்தப் பேச்சு தவறு என்பதே என் உறுதியான கருத்து. பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் கடலின் நேரமும் பள்ளியின் நேரமும் மோதும் இடத்தில்தான். ஆசிரியர் பற்றாக்குறையும் அதே இடத்தில்தான் வந்து சேர்கிறது. இதை ஊரறிந்தவர்களோடு பேசித் தெளிய விரும்பி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் பலத்தைச் சொல்கிறேன். ராமேஸ்வரம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கடலுக்குப் போய் மறுநாள் விடியலில் கரை திரும்புகின்றன. படகு திரும்பும் நாளில் இருள் பிரியும் முன்பே தாய்மார்கள் கரைக்குப் போய்விடுவார்கள். மீன் பிரிப்பது, ஏலம், ஐஸ், கருவாட்டுக்கு ஒதுக்குவது என்று வேலை முடியவே காலை ஒன்பதைத் தாண்டிவிடும். முன்பெல்லாம் செவ்வாய், வியாழக்கிழமைகளில் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்ட பிறகு, எங்கள் பள்ளியில் அந்த இரண்டு நாள்களின் முகமே மாறிவிட்டது. சமைப்பவர்கள் அதே ஊரின் சுய உதவிக் குழுப் பெண்கள். எந்தப் பிள்ளை வரவில்லை, ஏன் வரவில்லை என்பது எங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. 1982இல் தொடங்கிய சத்துணவும் இதுவும் சேர்ந்து ஒரு குழந்தையின் இரண்டு வேளை உணவை உறுதிசெய்கின்றன. கரையோர ஊருக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த உணவைச் சமைக்கும்போது வரும் சிக்கலையும் சொல்ல வேண்டும். பள்ளிக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாமல் கட்டியாகவே நிற்கிறது. ஆகவே கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் வராத நாளில் சமையலுக்கே தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. உப்புக் காற்று கட்டடத்தையும் விடுவதில்லை. கூரையின் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக் காரை பெயர்ந்து விழுகிறது. ஜன்னல் கீல், குழாய்த் திருகு, மின்விசிறி, கணினி எதுவும் உள்நாட்டுப் பகுதியில் நிலைக்கும் காலம் இங்கே நிலைப்பதில்லை. பராமரிப்பு மானியமோ மாணவர் எண்ணிக்கையை வைத்து வருகிறதே தவிர, பள்ளி கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பார்த்து வருவதில்லை.

பெற்றோர், முன்னாள் மாணவர், பணியில் இருந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நாட்டுப்படகுக்காரன்

டீச்சருக்கு வணக்கம். நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். நீங்கள் சொன்ன காலை உணவு விஷயம் முற்றிலும் உண்மை. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான் என்றாலும் ஊரின் பணப்புழக்கமே அந்தப் படகுகளைச் சுற்றித்தான் இருப்பதால், கடைக்காரர் வரை எல்லோர் கையும் வற்றிவிடும். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். அது உதவிதான், ஆனால் இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு?

அந்த நேரத்தில்தான் பள்ளி திறக்கிறது. தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவன் கட்டணம், வேன் பணம், சீருடை, புத்தகம் என்று ஜூன் மாதத்தில் மொத்தமாகக் கட்ட வேண்டும். அதற்காக மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், பிடிக்கும் மீனை அவர் சொன்ன விலைக்கே அவரிடம் கொடுத்தாக வேண்டும். பிள்ளையின் படிப்புச் செலவு தகப்பனின் மீன் விலையைக் குறைக்கிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். அரசுப் பள்ளியில் பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி எதற்கும் காசு இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய தெம்பு என்பது தடைக்காலத்தில் வீட்டை நடத்தியவருக்குத்தான் தெரியும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் எங்கள் ஊரில் பாதிப் பேர் பிள்ளைகளை வேனில்தான் அனுப்புகிறார்கள். அதற்கு முதல் காரணம் மூன்று வயது. அந்த வயதில் பிள்ளையை எடுத்துக்கொள்ளத் தனியார் பள்ளி இருக்கிறது. 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள், எங்கள் ஊருக்கு அது வரவில்லை. ஒருமுறை வேனில் ஏறிய பிள்ளையை ஐந்து வயதில் இறக்கி அரசுப் பள்ளிக்குக் கொண்டுவருவது, கட்டணம் கட்ட முடியாமல் போனாலொழிய நடப்பதில்லை. அப்படி வரும் பிள்ளையும், தகப்பனுக்கு வசதியில்லை என்பதால் வந்தோம் என்ற எண்ணத்தோடு கடைசிப் பெஞ்சில் உட்காருகிறது.

பங்குப்பள்ளி மாணவன்

நான் தங்கச்சிமடம் பக்கத்தில் திருச்சபை நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். இப்போது கோயம்புத்தூரில் வேலை செய்கிறேன். இந்த இழையில் அரசுப் பள்ளி என்று சொல்லும்போது எங்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கரையிலிருந்து இந்தக் கரை வரை பல மீனவ ஊர்களில் முதலில் வந்த பள்ளியே பங்குக் கோயிலை ஒட்டி வந்த பள்ளிதான். ஆசிரியருக்கு அரசு சம்பளம், பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, படிப்பவர்கள் அதே மீனவக் குடும்பத்தினர். எங்கள் சிஸ்டர் மாலை ஆறு மணிக்கு மேல் தெருத்தெருவாக வந்து, யார் வீட்டில் விளக்கு எரிகிறது, யார் புத்தகத்தோடு இருக்கிறார் என்று பார்ப்பார். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போனவர்கள் எல்லோரும் அந்தக் கண்டிப்பில் வந்தவர்கள்தான்.

ஆனால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு எங்களுக்குக் கிடையாது. என் பக்கத்து வீட்டுப் பையன் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தான். நான் உதவிபெறும் பள்ளியில் படித்தேன். எங்கள் இருவரின் தகப்பனாரும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். ஒதுக்கீட்டில் மட்டும் நாங்கள் வேறு வேறு ஆட்கள். காலை உணவும் அரசுப் பள்ளிகளுக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2024 ஜூலை 15 முதல்தான் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது. மீனவ ஊரில் இருக்கும் ஒரே பள்ளி உதவிபெறும் பள்ளியாக இருந்தால், ஒதுக்கீடு வேண்டும் என்பதற்காக ஆறாம் வகுப்பில் பிள்ளையை வெளியூர் அனுப்ப வேண்டியிருக்கிறது. இது நியாயமா என்பதை மூத்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற கல்வி அலுவலர்

தம்பியின் ஆதங்கம் நியாயமானது. உள்ஒதுக்கீட்டுக்கு அடிப்படையாகச் சொல்லப்பட்டது அரசுப் பள்ளி மாணவரின் குடும்பப் பின்னணி. அந்தப் பின்னணி உதவிபெறும் பள்ளியிலும் அப்படியே இருக்கும் கரையோர ஊர்களுக்கு விதிவிலக்குக் கேட்பதற்கு வலுவான வாதம் இருக்கிறது. எனினும் எல்லா உதவிபெறும் பள்ளிகளுக்கும் திறந்துவிட்டால் நகரத்துப் பெரிய பள்ளிகள் அந்த இடங்களை அள்ளிக்கொள்ளும் என்ற அச்சமும் பொய்யன்று. வேறு பள்ளியே இல்லாத ஊர் என்ற வரையறையோடு கேட்டால்தான் கோரிக்கை நிற்கும்.

கடலின் நேரமும் பள்ளியின் நேரமும் மோதுகின்றன என்ற ஆசிரியை அவர்களின் கருத்தில் எனக்குப் பாதி உடன்பாடுதான். பணிக்காலத்தில் கடற்கரை ஒன்றியத்தையும் உள்நாட்டு ஒன்றியத்தையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காலிப்பணியிடமே முதல் நோய். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். எண்ணிக்கை குறைந்தால் அது ஈராசிரியர் பள்ளி. அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். எமிஸ் இணையதளத்தில் பள்ளி, மாணவர் விவரப் பதிவு, உணவுக் கணக்கு, கூட்டம், பயிற்சி என்று அவருடைய நாள் போய்விடும். மிஞ்சிய ஒருவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து நடத்துகிறார். பெற்றோர் அதைப் பார்த்துப் பிள்ளையை வேனில் ஏற்றுகிறார். எண்ணிக்கை மேலும் குறைகிறது. உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு அனுப்பும் பணி நிரவலில் ஆசிரியரை வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள். இந்தச் சுழலைக் கடலின் மீது ஏற்றிச் சொல்ல முடியாது.

வெளிமாவட்டத்திலிருந்து முதல் நியமனத்தில் இங்கே வருபவர், கலந்தாய்வில் சொந்த ஊருக்கு இடம் கிடைக்கும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வாடகை வீடு, வயதான பெற்றோர், பேருந்து என்று அவருக்கும் வாழ்க்கை இருக்கிறது. முன்பு ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்களின் பணிமூப்பு ஒன்றிய அளவில் பார்க்கப்பட்டதால், ஒன்றியத்துக்குள்ளேயே பதவி உயர்வு பெற்றுத் தங்கியவர்கள் பலர் இருந்தார்கள். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அதை மாநில அளவுக்கு மாற்றியது. காலியிடம் மிகுந்த ஒன்றியங்களுக்கு இதனால் ஆள் வரக்கூடும் என்கிறார்கள். வந்தவர் நிலைத்திருப்பாரா என்பதே என் கவலை. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்த ஊதியத்துக்குக் கணிதமும் இயற்பியலும் நடத்த வெளியூரிலிருந்து யார் வருவார்? உள்ளூர்ப் பட்டதாரிப் பெண்கள்தான் வந்தார்கள். அவர்கள் நன்றாகவும் நடத்தினார்கள் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

2018இல், பின்தங்கியவை என்று மத்திய அரசு தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் ராமநாதபுரமும் சேர்ந்ததால் திறன்பலகை (ஸ்மார்ட் போர்டு) போன்ற கருவிகள் வந்தன. கருவி வரும் வேகத்தில் ஆள் வருவதில்லை.

பாசி எடுக்கும் தாய்

ஐயா, டீச்சர், இருவருக்கும் வணக்கம். நான் எழுதிப் பழகியவள் இல்லை. என் மகள் தட்டச்சு செய்கிறாள். நாங்கள் கடற்பாசி எடுக்கும் பெண்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் நீர் தோதாக இருக்கும்போது விடியற்காலையிலேயே போய்விடுவோம். அந்த நாள்களில் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மூத்த பெண்பிள்ளைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளி வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் எங்கள் தெருப் பெண்பிள்ளைகளின் வராத நாள்கள் பிறையோடு சேர்ந்தே இருக்கும். அங்கன்வாடி காலை ஆறு மணிக்குத் திறந்திருந்தால் என் மூத்தவள் ஒரு நாளும் பள்ளிக்குத் தவறியிருக்க மாட்டாள். ஆகவே டீச்சர் சொன்னதும் உண்மை, ஐயா சொன்னதும் உண்மை.

எட்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன என்பதுதான் எங்கள் பெரிய கவலை. நடுநிலைப் பள்ளி ஊரில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பேருந்தில் போக வேண்டும். இலவசப் பேருந்து அட்டை இருக்கிறது. ஆனால் பள்ளி விட்டு மாலையில் வரும் பேருந்து ஒன்று தவறினால் அடுத்தது இருட்டிய பிறகுதான். மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில்தான் கொடுக்கிறார்கள், தேவைப்படுவது ஒன்பதில். பையன்கள் அந்த இடத்தில்தான் படிப்பை விட்டுப் படகுக்குப் போகிறார்கள். கடலுக்குப் போனால் அன்றைக்கே பங்கு கைக்கு வருகிறது. பதினான்கு வயதுப் பையனிடம் நான்கு ஆண்டு கழித்து வரும் நன்மையைச் சொன்னால் அவன் எப்படிக் கேட்பான்? பெண்பிள்ளைகளை நாங்களே நிறுத்திவிடுகிறோம். கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்த பிறகு, எங்கள் தெருவில் பன்னிரண்டு வரை அனுப்பும் வீடுகள் கூடியிருக்கின்றன. ஆனால் ஒன்பதிலேயே நின்றுவிட்ட பெண்ணுக்கு அந்தப் பணம் எட்டாது.

கழிப்பறையையும் எழுத வேண்டும். கட்டடம் இருக்கிறது, தண்ணீர் இல்லை. மாதவிலக்கு நாள்களில் பிள்ளைகள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

கோடியக்கரை வாசகர்

நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பள்ளிக் கட்டடம் பாதி நாள் நிவாரண முகாமாக இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியைப் புரட்டிப்போட்டபோது மக்கள் பள்ளிகளில்தான் தங்கினார்கள். ஊருக்கு உறுதியான கூரை பள்ளிதான் என்பது பெருமைக்குரியதே. ஆனால் அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய பாடங்கள் அந்த நாள்களில் போய்விடுகின்றன. பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் தனியாக இருக்கும் ஊர்களில் பள்ளி சீக்கிரம் திறந்துவிடுகிறது. உங்கள் ஊர்களில் எப்படி?

கரையோர ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. கோடியக்கரை நண்பருக்கு முதலில் பதில்: இங்கும் பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலே வருகை சரிந்துவிடுகிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள் நீர் புகுந்து, பிள்ளைகளின் புத்தகங்கள் நனைந்துவிட்டன. அரையாண்டுத் தேர்வு வரை ஒரே புத்தகத்தை இரண்டு மூன்று பேர் பகிர்ந்து படித்தார்கள்.

ஐயா சொன்ன காலிப்பணியிடம் பற்றி: நோய் அதுதான் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஆசிரியர் முழுமையாக இருந்த ஆண்டிலும் எங்கள் பள்ளியில் சில பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவனின் தகப்பனார் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டார். தாய் அலுவலகங்களுக்கும் சங்கத்துக்கும் அலைந்துகொண்டிருந்த நாள்களில் அவன் தம்பி தங்கைகளோடு வீட்டில் இருந்தான். தகப்பனார் திரும்பி வந்தார், படகு திரும்பவில்லை. அவன் எட்டாம் வகுப்பை முடிக்காமலே ஐஸ் உடைக்கும் வேலைக்குப் போய்விட்டான். நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். அவன் தாய் எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, வட்டிக்கணக்கு எழுதிய நோட்டை எங்கள் முன்னே விரித்துவைத்தார். அந்த நோட்டுக்கு எந்த ஆசிரியரிடமும் பதில் இல்லை. கைதான மீனவரின் பிள்ளைக்கு உடனடியாக விடுதி இடமும் கல்வி உதவித்தொகையும் கிடைக்க ஒரு நடைமுறை வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான்.

இந்தக் கரையின் மற்றொரு பலத்தை நாம் யாரும் இன்னும் பேசவில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. கடற்பாசி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கண்ணெதிரே இருக்கின்றன. 2016 முதல் பாம்பனில் கடலோசை என்ற சமுதாய வானொலி ஒலிபரப்பாகிறது. எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கச்சான் காற்றும் வாடைக் காற்றும் எப்போது மாறும், எந்த நீரோட்டத்தில் எந்த மீன் படும் என்பது தெரியும். அறிவியல் பாடத்தில் அழுத்தம், அடர்த்தி, அலை என்று வரும்போது அதே பிள்ளை வாய் திறப்பதில்லை, ஏனென்றால் தனக்குத் தெரிந்தது பாடத்தில் சேர்த்தி இல்லை என்று நினைக்கிறது. ராமேஸ்வரத்துப் பள்ளியில் படித்த அப்துல் கலாமுக்கு, பறவை எப்படிப் பறக்கிறது என்பதைச் சிவசுப்பிரமணிய ஐயர் கடற்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டினார் என்று ஒவ்வோர் அறிவியல் நாளிலும் மேடையில் சொல்கிறோம். இன்று நான் ஒரு வகுப்பைக் கடற்கரைக்கு அழைத்துப் போக வேண்டுமானால் பாதுகாப்புக் காரணங்களால் பல அனுமதிகள் தேவை. அந்த அனுமதியைப் பருவத்துக்கு ஒருமுறை மொத்தமாகத் தந்து, ஆராய்ச்சி நிலையங்களோடு ஓர் ஏற்பாடு செய்தால், செலவில்லாமல் அமையும் ஆய்வுக்கூடம் எங்களுக்குக் கிடைக்கும். நம் கரைப் பிள்ளைகள் நாகப்பட்டினத்தில் 2012இல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகம் வரை போக வேண்டும். அதற்கான விதையை ஆறாம் வகுப்பிலேயே போட வேண்டும்.

அக்கா எழுதிய எட்டாம் வகுப்புத் தாண்டும் சிக்கலில் கலாமின் கதையே சான்றாக நிற்கிறது; அவரும் உயர்நிலைப் படிப்புக்குத் தீவை விட்டு ராமநாதபுரத்துக்குப் போக வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் பல குடியிருப்புகளில் ஒன்பதாம் வகுப்பு பேருந்துத் தொலைவில்தான் இருக்கிறது. எல்லா நடுநிலைப் பள்ளியையும் தரம் உயர்த்த முடியாது என்பது எனக்குத் தெரியும். மாலைப் பேருந்தின் நேரத்தைப் பள்ளி விடும் நேரத்தோடு பொருத்தலாம். மிதிவண்டியைக் கரையோர ஒன்றியங்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே கொடுக்கலாம். இவை பெரிய செலவுகள் அல்ல.

நாட்டுப்படகுக்காரன்

டீச்சர், வரும் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவே வைத்துவிடலாம். பேருந்து நேரம், கழிப்பறைத் தண்ணீர், அங்கன்வாடி திறக்கும் நேரம் ஆகிய மூன்றையும் முதலில் எழுதுவோம். ஐயாவிடம் ஒரு சந்தேகம்: ஊர்த் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டுச் சனிக்கிழமையில் ஈடுசெய்வது போல, தொழில் நாள்களுக்கு ஏற்பவும் வேலைநாளை மாற்றிக் கேட்க முடியுமா?

ஓய்வுபெற்ற கல்வி அலுவலர்

உள்ளூர் விடுமுறை வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதியோடு ஓரிரு நாள்களுக்குத்தான் பொருந்தும். வாரந்தோறும் மாற்றிக்கொள்ள அதில் இடமில்லை. அப்படிக் கேட்காதீர்கள், முதல் வரியிலேயே நிராகரித்துவிடுவார்கள். படகு திரும்பும் நாள்களில் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் முதல் பாடவேளையில் வைக்காமல் பத்தரை மணிக்குப் பின்னால் தள்ளுவது தலைமையாசிரியரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், நாளையே செய்யலாம்.

தீர்மானத்தில் மூன்றையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். பேருந்து போக்குவரத்துக் கழகத்துக்கும், தண்ணீர் ஊராட்சிக்கும், அங்கன்வாடி குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் போக வேண்டியவை. ஒரே தாளில் போனால் மூன்று துறையும் மற்றதைக் கைகாட்டும். ஒவ்வொன்றோடும் கடந்த ஆண்டின் வருகைப் பதிவேட்டிலிருந்து தேதிவாரியான நகலை இணையுங்கள். பாசி எடுக்கும் அம்மா சொன்ன பிறைக் கணக்கு அந்த நகலில் தெளிவாகத் தெரியுமானால், அங்கன்வாடி நேரத்தை மாற்றக் கேட்பதற்கு அதைவிட வலுவான சான்று தேவைப்படாது. வரைவை இங்கே பதியுங்கள். அலுவலக நடைக்கு நான் திருத்தித் தருகிறேன்.